ஐஸ்லாந்து அரசைக் கவிழ்த்தது சட்டிச் சத்தம் மட்டும்தானா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எந்த நாட்டிலாவது விலைவாசி ஏறி, மக்கள் தெருவுக்கு வந்து, ஆட்சி ஆட்டம் கண்டால் போதும், நம் பத்திரிகைகளிலும் வாட்ஸ்அப்பிலும் ஐஸ்லாந்தின் பெயர் வந்துவிடுகிறது. சட்டி பானையைத் தட்டியே அரசைக் கவிழ்த்தார்கள், வங்கிக் கடனைக் கட்ட மாட்டோம் என்றார்கள், வங்கிக்காரர்களைச் சிறையில் தள்ளினார்கள், அரசியல் சட்டத்தை மக்களே எழுதிக்கொண்டார்கள் என்று நாலு வரியில் கதை முடிகிறது. இலங்கையின் 2022-ஆம் ஆண்டுப் போராட்டத்தைப் பற்றி எழுதுகிறவர்களும் இதையே உதாரணம் காட்டுகிறார்கள். இந்த நாலில் முதல் வரி பாதி உண்மை. இரண்டாவதும் மூன்றாவதும் கால்வாசி உண்மை. நாலாவது நடக்கவே இல்லை. போராடும் மக்கள் மேல் அக்கறை உள்ளவர்கள்தான் இந்தக் கதையை அதிகம் சொல்கிறார்கள். அதனாலேயே இதைச் சரியாகச் சொல்லிவிட வேண்டும் என்று எழுதுகிறேன். தெருவில் நின்றவர்களுக்கு எது கிடைத்தது, எந்த வழியாகக் கிடைத்தது, எது எங்கே நின்றுபோனது என்று தெரிந்தால்தான் நாளை நிற்கப்போகிறவர்களுக்குப் பயன்படும்.

முதலில் நோய் என்ன என்று பார்த்துவிடுவோம். 2008-ல் ஐஸ்லாந்தின் மக்கள்தொகை சுமார் 3.2 லட்சம். திருநெல்வேலி மாநகராட்சியில் வசிப்பவர்களைவிடக் குறைவு. அரசிடமிருந்த வங்கிகளை 1998 தொடங்கி 2003-க்குள் தனியாருக்கு விற்றார்கள். கிளிட்னிர், லான்ட்ஸ்பாங்கி, கௌப்திங் என்ற மூன்று வங்கிகள் ஐந்தே ஆண்டில் வெளிநாடுகளில் கடன் வாங்கி, அதை வெளிநாடுகளிலேயே கடனாகக் கொடுத்து, நாட்டின் ஓராண்டு உற்பத்தியைப் போல ஒன்பது பத்து மடங்குக்கு வீங்கின. குருவி தலையில் பனங்காய் என்பார்களே, அதுதான். ஒரு வங்கியில் எல்லோரும் ஒரே நேரத்தில் பணம் கேட்டால் மத்திய வங்கி நோட்டு அச்சடித்துக் கொடுத்துக் காப்பாற்றும். ஐஸ்லாந்தின் மத்திய வங்கியால் தன் நாட்டு நாணயமான குரோனாவைத்தான் அச்சடிக்க முடியும். இந்த மூன்று வங்கிகளும் திருப்பித் தர வேண்டியிருந்ததோ யூரோவிலும் டாலரிலும் பவுண்டிலும். கையிருப்பில் இருந்த அன்னியச் செலாவணி அவற்றின் குறுகிய காலக் கடனுக்கே எட்டாது. உலகச் சந்தையில் கடன் கிடைத்துக்கொண்டிருந்த வரை இது வெளியே தெரியவில்லை. 2008 செப்டம்பர் 15-ல் அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய முதலீட்டு வங்கி விழுந்து, வங்கிகள் ஒன்றுக்கொன்று கடன் கொடுப்பதை நிறுத்திய மூன்றாவது வாரத்தில் எல்லாம் வெளிச்சத்துக்கு வந்துவிட்டது.

அக்டோபர் 6 மாலை பிரதமர் கெய்ர் ஹார்டே தொலைக்காட்சியில் பேசினார். நாடே திவாலாகும் ஆபத்து இருக்கிறது என்று சொல்லி, "கடவுள் ஐஸ்லாந்தைக் காக்கட்டும்" என்று முடித்தார். பிரதமர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததே மக்களை உலுக்கியது. அன்று இரவே நாடாளுமன்றம் ஓர் அவசரச் சட்டத்தை நிறைவேற்றியது. பின்னால் நடந்த அத்தனைக்கும் அடித்தளம் இந்தச் சட்டம்தான், ஆனால் நம் ஊர்க் கதைகளில் இதைப் பற்றி ஒரு சொல்கூட இருப்பதில்லை. வங்கிகளைக் கையகப்படுத்தும் அதிகாரத்தை அது நிதிக் கண்காணிப்பு ஆணையத்துக்குக் கொடுத்தது. இன்னொரு முக்கியமான காரியத்தையும் செய்தது. வங்கி திவாலானால் முதலில் யாருக்குப் பணம் தர வேண்டும் என்ற வரிசையை மாற்றி, சேமிப்புக் கணக்கு வைத்திருந்தவர்களைக் கடன் பத்திரம் வைத்திருந்தவர்களுக்கு முன்னால் நிறுத்தியது. அடுத்த மூன்று நாளில் மூன்று வங்கிகளும் அரசின் கைக்கு வந்தன. உள்நாட்டுச் சேமிப்பும் உள்நாட்டுக் கடனும் புதிய வங்கிகளுக்கு மாற்றப்பட்டன. வெளிநாட்டுக் கணக்குகள் பழைய வங்கியின் மிச்சத்தோடு விடப்பட்டன. அதனால் உள்நாட்டில் ஒருவருடைய சேமிப்புக் கணக்கும் போகவில்லை. பெருநஷ்டம் அந்த வங்கிகளுக்குக் கடன் கொடுத்திருந்த உலகெங்கும் உள்ள பெரிய நிறுவனங்களின் தலையில் விழுந்தது. மக்கள் போராடி இதைப் பெறவில்லை. போராட்டம் தொடங்கும் முன்பே, கவிழப்போகிற அதே அரசு, வேறு வழியில்லாமல் செய்தது இது.

சேமிப்பு தப்பியது என்றால் மக்கள் ஏன் கொதித்தார்கள்? வீட்டுக் கடன்தான் காரணம். அங்கே வீட்டுக் கடன் பெரும்பாலும் விலைவாசிக் குறியீட்டோடு பிணைக்கப்பட்டது. வட்டி தனி, அது போக விலைவாசி எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு அசலிலும் ஏறும். 2 கோடி குரோனா கடன் வாங்கியவருக்கு, விலைவாசி ஆண்டுக்கு 18 சதவீதம் ஏறினால், அசலோடு 36 லட்சம் வந்து ஒட்டிக்கொள்ளும். மாதத் தவணை தவறாமல் கட்டினாலும் ஆண்டு முடிவில் கடன் கூடித்தான் இருக்கும். 2009 ஜனவரியில் அந்நாட்டின் விலைவாசி உயர்வு 18 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. இன்னொரு வகைக் கடன் இதைவிட மோசம். உள்நாட்டில் வட்டி மிக அதிகம் என்பதால் பலர் ஜப்பானிய யென், சுவிஸ் பிராங்க் ஆகியவற்றின் மதிப்போடு பிணைத்த கடனை வீட்டுக்கும் காருக்கும் வாங்கியிருந்தார்கள். குரோனா பாதியாகச் சரிந்ததும் அந்தக் கடன் இரட்டிப்பானது. சம்பளம் குரோனாவில் வருகிறது, கடன் யென்னில் வளர்கிறது, கடன் வாங்கிக் கட்டிய வீட்டின் விலையோ இறங்குகிறது. ஒரு சதவீத அளவில் இருந்த வேலையின்மை சில மாதங்களில் எட்டு ஒன்பது சதவீதத்துக்குப் போனது. பன்னாட்டு நிதியத்திடம் (ஐ.எம்.எஃப்.) 210 கோடி டாலர் கடன் கேட்டுப் போனார்கள். மத்திய வங்கி அக்டோபர் கடைசியில் வட்டி விகிதத்தை 18 சதவீதமாக்கியது. நவம்பர் முதல் அன்னியச் செலாவணியை வெளியே அனுப்பத் தடை வந்தது, அது முழுக்க நீங்க 2017 மார்ச் ஆனது.

இனிப் போராட்டத்துக்கு வருவோம். ஹோர்துர் டோர்ஃபாசன் என்ற பாடகர், அக்டோபரில் நாடாளுமன்றத்துக்கு எதிரே உள்ள ஔஸ்துர்வோல்லுர் திடலில் ஒலிபெருக்கியோடு நின்று, போகிற வருகிறவர்களிடம் பேசச் சொல்லிக் கேட்கத் தொடங்கினார். அது சனிக்கிழமைதோறும் பிற்பகலில் நடக்கும் கூட்டமானது. அதே இடம், அதே நாள், அதே நேரம், சில பேச்சாளர்கள், கொஞ்ச நேரத்தில் கலைந்துவிடுவது. யாரும் கூப்பிட வேண்டியதில்லை, சனிக்கிழமை என்றால் கூட்டம் உண்டு என்று ஊருக்கே தெரியும். தலைநகர் ரெய்க்யவிக்கில் டிசம்பரிலும் ஜனவரியின் பெரும்பகுதியிலும் பகல் ஆறு மணி நேரம்கூட இருக்காது. அந்தக் குளிரிலும் கூட்டம் விட்டுப்போகவில்லை. இதோடு திரையரங்குகளில் பொதுமக்கள் கூட்டங்களும் நடந்தன. நவம்பர் கடைசியில் ஹாஸ்கோலாபியோ திரையரங்கில் நடந்த கூட்டத்துக்கு அமைச்சர்களே வந்து மேடையில் உட்கார்ந்து கேள்விகளை எதிர்கொண்டார்கள்.

சனிக்கிழமைக் கூட்டம் வைத்த கோரிக்கைகளைக் கவனிக்க வேண்டும். அரசு விலக வேண்டும், உடனே தேர்தல் வேண்டும். மத்திய வங்கியின் தலைமை விலக வேண்டும். நிதிக் கண்காணிப்பு ஆணையத்தின் தலைமை விலக வேண்டும். அவ்வளவுதான். "அமைப்பையே மாற்று" என்ற கோஷங்களும் இருந்தன, ஆனால் வாரா வாரம் மேடையிலிருந்து சொல்லப்பட்டவை இவை. ஒவ்வொன்றும் இருக்கிற சட்டத்துக்கு உள்ளேயே, ஒருவர் கையெழுத்திலோ ஒரு வாக்கெடுப்பிலோ நடக்கக்கூடியது. நிறைவேறியதா இல்லையா என்று குழந்தைக்கும் தெரியும். "பொருளாதாரத்தைச் சீர்படுத்து" என்று கேட்டிருந்தால், ஒரு குழு போட்டு ஆறு மாதம் ஓட்டியிருப்பார்கள்.

2009 ஜனவரி 20, செவ்வாய்க்கிழமை. கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து நாடாளுமன்றம் கூடியது. வழக்கமான சனிக்கிழமை இல்லாமல் அன்று மதியமே மக்கள் திரண்டார்கள், கையில் சட்டி, வாணலி, கரண்டி, விசில், மேளம். நாடாளுமன்றக் கட்டிடம் 1881-ல் கட்டிய இரண்டு மாடிக் கருங்கல் வீடு, மதில்சுவரோ முற்றமோ கிடையாது, ஜன்னலுக்கு வெளியே கை நீட்டினால் தெரு. அதனால் வெளியே தட்டியது உள்ளே அவையில் கேட்டது. போலீஸ் மிளகுப் பொடித் திரவத்தைப் பீய்ச்சியது. இரவில் திடலில் நின்ற பெரிய கிறிஸ்துமஸ் மரத்தைச் சாய்த்துத் தீ மூட்டிக் குளிர் காய்ந்தார்கள். அடுத்த நாள் பிரதமரின் காரைச் சூழ்ந்துகொண்டு முட்டை வீசினார்கள். அன்று நள்ளிரவுக்குப் பிறகு கண்ணீர்ப்புகை குண்டு வெடித்தது. 1949-ல் நேட்டோ ராணுவக் கூட்டணியில் சேர்வதை எதிர்த்து நடந்த கலவரத்துக்குப் பிறகு ஐஸ்லாந்து போலீஸ் கண்ணீர்ப்புகையைப் பயன்படுத்தியது அதுதான் முதல் முறை. சிலர் போலீஸ் மேல் கல்லெறியத் தொடங்கியபோது, போராட்டக்காரர்களே போலீசுக்கு முன்னால் கைகோத்து நின்று தடுத்தார்கள். மறுநாளிலிருந்து அமைதி வழியில் நிற்பவர்கள் என்பதற்கு அடையாளமாகப் பலர் ஆரஞ்சு நிறத் துணி கட்டிக்கொண்டு வந்தார்கள். கல்லெறியும் நாலு பேரின் படம் ஆயிரக்கணக்கானவர்களின் பெயரைக் கெடுத்துவிடும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்த ஆரஞ்சுத் துணியைப் பற்றி யாருமே எழுதுவதில்லை என்பது எனக்கு வருத்தம்.

ஆனால் அரசு விழுந்த இடம் அந்தத் திடல் இல்லை. அன்று ஆட்சியில் இருந்தது கூட்டணி அரசு. மொத்தம் 63 இடங்களில் ஹார்டேயின் சுதந்திரக் கட்சிக்கு 25, சமூக ஜனநாயகக் கூட்டணி என்ற கட்சிக்கு 18. சேர்த்தால் 43. பிரதமர் கட்சியின் மனம் மாற வேண்டிய அவசியமே இல்லை, அந்த 18 பேர் கையை எடுத்தால் போதும். ஜனவரி 21 இரவு, தேசிய நாடக அரங்கின் கீழ்த்தளத்தில் அந்தக் கட்சியின் ரெய்க்யவிக் கிளை கூடியது. மக்கள் சட்டிகளோடு அந்த வாசலுக்குப் போய்விட்டார்கள். உள்ளே உறுப்பினர்கள் கூட்டணியை முறிக்க வேண்டும், தேர்தல் நடத்த வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். கட்சித் தலைவியும் வெளியுறவு அமைச்சருமான இங்கிபியோர்க் சோல்ரூன் கிஸ்லதோத்திர் அப்போது மூளைக் கட்டிக்காக ஸ்டாக்ஹோமில் சிகிச்சையில் இருந்தார். 23-ஆம் தேதி ஹார்டே தனக்கு உணவுக்குழாயில் கட்டி இருப்பதாகச் சொல்லி, மே மாதத்தில் தேர்தல் என்று அறிவித்தார். 25-ல் வணிகத் துறை அமைச்சர் விலகினார், நிதிக் கண்காணிப்பு ஆணையத்தின் தலைமையும் போனது. 26-ல் கூட்டணி முறிந்தது. எதிராளியின் கோட்டையை உடைக்க நினைக்காமல், எந்தக் கல்லை உருவினால் சுவர் சரியும் என்று பார்த்து, அந்தக் கல்லின் வாசலில் போய் நின்றார்கள். ஐஸ்லாந்துப் போராட்டத்தின் உண்மையான திறமை இங்கேதான் இருக்கிறது.

பிப்ரவரி 1-ல் யோகன்னா சிகுர்தர்தோத்திர் பிரதமரானார். அவருடைய கட்சிக்கு 18, இடது பசுமை இயக்கத்துக்கு 9, மொத்தம் 27 தான். 7 இடம் வைத்திருந்த முற்போக்குக் கட்சி வெளியிலிருந்து ஆதரவு தந்தது, 34 ஆனது. சீக்கிரம் தேர்தல், அரசியல் சட்டப் பேரவை என்பவை அந்தக் கட்சி வைத்த நிபந்தனைகள். மிச்சமிருந்த கோரிக்கை மத்திய வங்கி. அதன் தலைவர் டாவித் ஓட்சன், 1991 முதல் 2004 வரை பிரதமராக இருந்து வங்கிகளைத் தனியாருக்கு விற்றவர். புதிய பிரதமர் கடிதம் எழுதி விலகச் சொன்னார், அவர் மறுத்தார். மத்திய வங்கித் தலைவரை நினைத்தபோது நீக்க முடியாது. எனவே சட்டத்தையே திருத்தி, மூன்று ஆளுநர்கள் கொண்ட குழுவை ஒழித்து, ஒரே ஆளுநர் என்று மாற்றினார்கள். பதவி இல்லாமல் போனதும் அவரும் போனார். இந்தத் திருத்தம் பிப்ரவரி 26-ல் நிறைவேறியது, அதுவரை சட்டிகள் மத்திய வங்கி வாசலுக்கு இடம் மாறியிருந்தன. ஏப்ரல் 25 தேர்தலில் யோகன்னாவின் கட்சி 20, இடது பசுமை 14 என்று இரண்டுக்கும் சேர்த்துப் பெரும்பான்மை கிடைத்தது. அக்டோபரில் ஒலிபெருக்கியோடு தொடங்கி ஏப்ரலில் வாக்குப்பெட்டி வரை, ஆறரை மாதம்.

"கடனைக் கட்ட மறுத்தார்கள்" என்ற பகுதிக்கு வருகிறேன். இது லான்ட்ஸ்பாங்கி வங்கி பிரிட்டனிலும் நெதர்லாந்திலும் இணையம் வழியாக நடத்திய ஐஸ்சேவ் என்ற சேமிப்புக் கணக்கைப் பற்றியது. அதிக வட்டி தருகிறோம் என்று சொல்லி, பிரிட்டனில் மட்டும் மூன்று லட்சம் பேரிடம் பணம் வாங்கியிருந்தார்கள். அங்கே தனி வங்கியாக இல்லாமல் ஐஸ்லாந்து வங்கியின் கிளையாகவே நடந்ததால் சேமிப்புக் காப்பீடு ஐஸ்லாந்தின் பொறுப்பு, ஒருவருக்குக் குறைந்தது 20,887 யூரோ. வங்கி விழுந்ததும் பிரிட்டன் தன் பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தைப் பயன்படுத்தி அதன் சொத்துகளை முடக்கியது. ஒரு நட்பு நாட்டின் வங்கி அல்-காயிதாவோடு ஒரே பட்டியலில் ஏறியது, அந்த அவமானம் ஐஸ்லாந்து மக்கள் நெஞ்சில் இன்றும் இருக்கிறது. பிரிட்டனும் நெதர்லாந்தும் தங்கள் சேமிப்பாளர்களுக்குத் தாங்களே பணம் கொடுத்துவிட்டு, அதை வட்டியோடு ஐஸ்லாந்து அரசிடம் கேட்டன. நாடாளுமன்றம் ஒப்புக்கொண்டது. குடியரசுத் தலைவர் ஓலாஃபுர் ரக்னர் கிரிம்சன் கையெழுத்திட மறுத்து மக்களிடம் அனுப்பினார். 2010 மார்ச் 6 வாக்கெடுப்பில் 90 சதவீதத்துக்கும் மேல் வேண்டாம் என்றார்கள். வட்டியைக் குறைத்துப் புதிய ஒப்பந்தம் வந்தது, 2011 ஏப்ரல் 9-ல் அதையும் 60 சதவீத அளவில் நிராகரித்தார்கள். 2013 ஜனவரி 28-ல் எஃப்டா (ஐரோப்பியச் சுதந்திர வர்த்தகச் சங்கம்) நீதிமன்றம் ஐஸ்லாந்து அரசு தன் கருவூலத்திலிருந்து தர வேண்டியதில்லை என்று தீர்ப்பளித்தது.

மக்கள் மறுத்தது வங்கியின் கடனை வரிப்பணத்திலிருந்து கட்டுவதைத்தான். பணம் போய்விடவில்லை. பழைய லான்ட்ஸ்பாங்கியின் சொத்துகளை விற்று, முன்னுரிமை பெற்ற சேமிப்புக் கணக்குகளுக்கான தொகை முழுவதும் 2016 தொடக்கத்துக்குள் கொடுக்கப்பட்டுவிட்டது. அக்டோபர் 6 இரவில் மாற்றிய அந்த வரிசைதான் இதைச் சாத்தியமாக்கியது. "கட்டாமல் ஏமாற்றினார்கள்" என்று பழிக்கிறவர்களும், "கட்டாமலே தப்பித்தார்கள்" என்று புகழ்கிறவர்களும் இந்த ஒரு விஷயத்தில் ஒரே தவறைச் செய்கிறார்கள். பன்னாட்டு நிதியத்தின் கடனை அரசு ஒழுங்காகத் திருப்பிக் கட்டியது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வீட்டுக் கடன் விஷயத்தில் புதிய அரசும் தடுமாறியது. வீடு ஏலம் விடுவதைத் தள்ளிப்போட்டார்களே தவிர, கடனைக் குறைக்கவில்லை. 2010 ஜூனில் உச்ச நீதிமன்றம், குரோனாவில் கொடுத்த கடனை அன்னிய நாணய மதிப்போடு பிணைப்பது 2001-ஆம் ஆண்டுச் சட்டப்படி செல்லாது என்று சொன்னது. திடலில் கிடைக்காத நிவாரணம் பல குடும்பங்களுக்கு ஒரு வழக்கில் கிடைத்தது. விலைவாசியோடு பிணைத்த கடனை வாங்கியவர்களுக்கோ அது உதவவில்லை. அதே ஆண்டு அக்டோபர் 4-ல் நாடாளுமன்றம் கூடியபோது, மக்கள் தகரப் பீப்பாய்களைத் தட்டிக்கொண்டு மறுபடி திரண்டார்கள், இம்முறை தாங்கள் கொண்டுவந்த அரசுக்கு எதிராக. அதன் பிறகுதான் அரசு வங்கிகளோடு பேசி, வீட்டின் மதிப்பில் 110 சதவீதத்துக்கு மேல் உள்ள கடனைத் தள்ளுபடி செய்யும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. வீடு 2 கோடி, கடன் 2.6 கோடி என்றால், கடன் 2.2 கோடியாகும், 40 லட்சம் போகும். இதிலும் குறை உண்டு. கையில் இருந்த சேமிப்பைப் பெரிதாகப் போட்டு, குறைவாகக் கடன் வாங்கிய குடும்பத்துக்கு இதில் எதுவும் இல்லை. அவர்களுடைய சேமிப்புதான் முழுதாகக் கரைந்திருந்தது. அந்த மனக்கசப்பு 2013 தேர்தலில் அரசைச் சாய்த்தது, குறியீட்டுக் கடனைக் குறைக்கிறோம் என்று வாக்குறுதி தந்த முற்போக்குக் கட்சிக்கு 19 இடம் கிடைத்தது.

சிறைத் தண்டனை பற்றி. 2008 டிசம்பரிலேயே, பழைய அரசு இருந்தபோதே, இரண்டு சட்டங்கள் வந்தன. சனிக்கிழமைக் கூட்டங்களின் அழுத்தம் இதில் நிச்சயம் உண்டு. ஒன்று சிறப்பு விசாரணைக் குழு. உச்ச நீதிமன்ற நீதிபதி, நாடாளுமன்றக் குறைதீர்ப்பாளர், பொருளாதார அறிஞர் என்று மூன்று பேர். வங்கி ரகசியம் என்ற திரையை விலக்கும் அதிகாரம் அவர்களுக்குச் சட்டத்திலேயே கொடுக்கப்பட்டது. 2010 ஏப்ரல் 12-ல் 9 தொகுதிகள், 2,000 பக்கத்துக்கு மேல் அறிக்கை வந்தது. மூன்று அமைச்சர்கள், மூன்று மத்திய வங்கி ஆளுநர்கள், கண்காணிப்பு ஆணையத் தலைவர் என ஏழு பேர் கடமை தவறினார்கள் என்று பெயர் சொல்லி எழுதியது. வங்கி முதலாளிகளே தங்கள் வங்கியின் மிகப் பெரிய கடனாளிகள் என்பதையும் கணக்கோடு காட்டியது. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று நடந்திருக்கிறது. ரெய்க்யவிக் நகர நாடக அரங்கில் நடிகர்கள் முறைபோட்டு, இரவு பகலாக, அந்த அறிக்கையை முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை உரக்கப் படித்தார்கள். கிட்டத்தட்ட ஆறு நாள் ஆனது. ஓர் அரசாங்க அறிக்கைக்கு உலகத்தில் வேறெங்காவது இந்த மரியாதை கிடைத்திருக்குமா என்று தெரியாது.

இன்னொன்று, வங்கிக் குற்றங்களை விசாரித்து வழக்குத் தொடுக்கும் சிறப்பு வழக்கு அதிகாரி. முதல் விளம்பரத்துக்கு ஒருவர்கூட விண்ணப்பிக்கவில்லை. இரண்டாவது முறையில் அக்ரனெஸ் என்ற சிற்றூரின் காவல்துறைத் தலைவர் ஓலாஃபுர் ஹௌக்சன் வந்தார். விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களோடு தொடங்கிய அலுவலகம் பின்னர் நூறு பேர் அளவுக்கு வளர்ந்தது. வங்கி மோசடியை நிரூபிக்க எவ்வளவு காலம் ஆகும் என்பதற்குக் கௌப்திங் வழக்கே சாட்சி. 2008 செப்டம்பரில், கத்தார் நாட்டு ஷேக் ஒருவர் வங்கியின் 5 சதவீதப் பங்கை வாங்கிவிட்டார் என்று அறிவித்து நம்பிக்கை ஊட்டினார்கள். அந்தப் பங்கை வாங்கப் பணம் கொடுத்ததே கௌப்திங் வங்கிதான். தலைமை நிர்வாகி ஹ்ரெய்தார் மார் சிகுர்ட்சனுக்கு ஐந்தரை ஆண்டு சிறை உறுதியானது 2015 பிப்ரவரியில். நடந்த குற்றத்துக்கும் இறுதித் தீர்ப்புக்கும் இடையே ஆறு ஆண்டுக்கு மேல். எல்லா வங்கிக்காரர்களும் உள்ளே போகவில்லை, பலர் விடுதலையானார்கள். அரசியல்வாதிகளில் ஹார்டே ஒருவரைத்தான் 33-க்கு 30 என்ற வாக்கில் தனி நீதிமன்றத்துக்கு அனுப்பினார்கள். 1905-ல் உருவாக்கியும் அதுவரை ஒருமுறைகூடக் கூடாத நீதிமன்றம் அது. 2012 ஏப்ரல் 23-ல், முக்கிய விவகாரத்தை அமைச்சரவைக் கூட்டத்தில் வைக்கவில்லை என்ற ஒரே குற்றத்தில் குற்றவாளி என்றது, தண்டனை எதுவும் இல்லை.

அரசியல் சட்டம்தான் எல்லாவற்றையும்விட வேதனையான அத்தியாயம். ஐஸ்லாந்து அரசியல் சட்டத்தின் 79-ஆம் பிரிவுப்படி, ஒரு திருத்தத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியதும் அவை கலைக்கப்பட வேண்டும், தேர்தல் நடக்க வேண்டும், புதிய அவை அதையே எழுத்து மாறாமல் மறுபடி நிறைவேற்ற வேண்டும். இரட்டைப் பூட்டு. 2009 ஏப்ரலில் எப்படியும் தேர்தல் நடக்கவிருந்தது, பூட்டைத் திறக்க அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. சிறுபான்மை அரசு அந்த வசந்த காலத்தில் ஒரு திருத்த மசோதாவைக் கொண்டுவந்ததும் உண்மை. சுதந்திரக் கட்சியினர் மணிக்கணக்காகப் பேசியே அதை இழுத்தடித்தார்கள். தேர்தல் நெருங்கியதும் அரசு அதைக் கைவிட்டது. திடலில் பெரிய கூட்டங்கள் அதற்குள் ஓய்ந்திருந்தன. அன்று ஒரு வாரம் சட்டி தட்டியிருந்தால் நாலாவது வரியும் உண்மையாகியிருக்கக்கூடும் என்பது என் கருத்து.

அதன் பிறகு எல்லாம் சுற்று வழி. 2010 நவம்பர் 27-ல் புதிய அரசியல் சட்டத்தை எழுதும் பேரவைக்கு 25 பேரைத் தேர்ந்தெடுக்கத் தேர்தல் நடந்தது, ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் போட்டியிட்டார்கள். 2011 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. காரணங்களைக் கேட்டால், வாக்குச்சாவடியில் வேலை பார்த்தவர் யாருக்கும் பதறும். வாக்குச்சீட்டில் வரிசை எண் அச்சிட்டிருந்ததால் யார் எந்தச் சீட்டு என்று கண்டுபிடிக்க வழி இருந்தது. மறைவுக்கு வைத்தவை வெறும் அட்டைத் தடுப்புகள், பக்கத்தில் நிற்பவர் எட்டிப் பார்க்கலாம். சீட்டை மடிக்க முடியாது. பெட்டிக்குச் சரியான பூட்டு இல்லை. தேர்ந்தெடுக்கப்பட்டவர்களையே நாடாளுமன்றம் பிறகு "மன்றம்" என்ற பெயரில் நியமித்தது, அவர்கள் ஜூலை இறுதியில் 114 பிரிவுகள் கொண்ட வரைவைக் கொடுத்தார்கள். ஆனால் "நீதிமன்றம் ரத்து செய்த ஆட்கள்" என்ற கறை ஒட்டிக்கொண்டது. 2012 அக்டோபர் 20 வாக்கெடுப்பில் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் ஆதரவாக விழுந்தன. வாக்களிக்க வந்தவர்கள் பாதிப் பேர், அதுவும் ஆலோசனை வாக்கெடுப்புதான். 2013 மார்ச்சில் அவை இறுதி வாக்கெடுப்பு நடத்தாமலேயே கலைந்தது. ஏப்ரலில் சுதந்திரக் கட்சியும் முற்போக்குக் கட்சியும் 38 இடங்களோடு ஆட்சிக்கு வந்தன.

இலங்கையோடு ஒப்பிடுகிறவர்கள் கவனிக்க வேண்டியதும் இந்தப் பூட்டு விஷயம்தான். அன்றைய இலங்கை ஜனாதிபதி கோத்தபய ராஜபக்ச 2022 ஜூலை 14-ல் விலகினார். கூட்டத்தின் அளவிலும் துணிவிலும், போராட்டம் நடந்த கொழும்பின் காலிமுகத்திடல் ஔஸ்துர்வோல்லுரைவிடப் பல மடங்கு பெரியது. ஆனால் இலங்கையில் ஜனாதிபதி விலகினால் தேர்தல் வராது. அரசியலமைப்பின் 40-ஆம் பிரிவுப்படி, இருக்கிற நாடாளுமன்றமே மீதிக் காலத்துக்கு ஒருவரைத் தேர்ந்தெடுக்கும். ஜூலை 20-ல் 134 வாக்குகளோடு ரணில் விக்கிரமசிங்க வந்தார், 22-ஆம் தேதி விடியுமுன் படையினர் காலிமுகத்திடலில் புகுந்தார்கள். மக்கள் வாக்களிக்க 2024 செப்டம்பர் 21 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஐஸ்லாந்தில் மூன்று மாதம், இலங்கையில் இருபத்தாறு மாதம். மக்களின் உறுதியில் குறை இல்லை, அவர்கள் தட்டிய கதவு வேறொரு அறைக்குத் திறந்தது. "கோத்தா வீட்டுக்குப் போ" என்ற கோரிக்கைக்கு அந்த அரசியலமைப்பு கேட்டதை மட்டும் கொடுத்தது.

தங்கள் நாளிதழில் இனி ஐஸ்லாந்தை உதாரணம் காட்டும்போது, சட்டியும் கரண்டியும் உள்ள படத்தோடு அந்த 43 இடக் கணக்கையும், நாடக அரங்கின் கீழ்த்தளத்தில் நடந்த கட்சிக் கிளைக் கூட்டத்தையும், 79-ஆம் பிரிவையும் சேர்த்து வெளியிட வேண்டுகிறேன். வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சரி என்று சொன்ன அந்த 114 பிரிவு வரைவு இன்னமும் சட்டமாகவில்லை என்பதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

இங்ஙனம்,
தங்கள் வாசகர்,
மதுரை.